தாத்தா வழிப் பட்டறைக்கல்: எங்கே செய்தது, எந்தக் காலத்தது, எங்க ஊருக்கு எப்படி வந்திருக்கும்?

காவிரிக்கடை

வணக்கம். வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் கொல்லுப்பட்டறைக் கல் (காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் இரும்புப் பட்டடை) ஒன்றின் பூர்வீகம் தெரிய வேண்டும். ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கம். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையின் ஆயுதசாலையில் கிடந்த கல், 250 வருஷப் பழசு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை.

அளவுகள்: மூக்கு (கூம்பாக நீளும் முனை) நுனியிலிருந்து வால் (எதிர்முனை) வரை 74 செ.மீ., உயரம் 30 செ.மீ., மேல்முகம் அகலம் 11 செ.மீ. ரைஸ்மில் எடைமேடையில் 91 கிலோ. வால் பக்கம் 28 மி.மீ. சதுர ஓட்டை ஒன்று, அதற்குப் பக்கத்தில் 16 மி.மீ. உருண்டை ஓட்டை ஒன்று. மூக்குக்கும் மேல்முகத்துக்கும் நடுவில் ஒரு படி இறங்குகிறது. இடுப்பில் ஏதோ ஆங்கில எழுத்து இருக்கிறது. துருவுக்கு மேலே பச்சை பெயிண்ட் அடித்திருப்பதால் படிக்க முடியவில்லை. கிரைண்டரில் ஒயர் பிரஷ் போட்டு சுத்தம் செய்யலாமா?

உலைமூக்கு

கிரைண்டரைத் தொடாதீர்கள். இந்தக் கல்லைப் பற்றி உலகத்தில் இருக்கும் ஒரே ஆவணம் அந்த இடுப்பு எழுத்துதான். அரை மில்லிமீட்டர் ஆழம்கூட மிஞ்சியிருக்காது. மெஷினில் சுழலும் கப் பிரஷ் எழுத்தின் விளிம்பை மழுக்கிவிடும், அதற்கப்புறம் எந்த வெளிச்சத்திலும் தெரியாது.

பெயிண்டுக்குக் கடையில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவரைத் தடவி 20 நிமிடம் விட்டு, மரச்சில்லால் வழியுங்கள். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எழுத்து இருக்கும் பகுதியில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் கைப்பிரஷ், முடிந்தால் பித்தளைக் கம்பி பிரஷ். ஆசிட் வேண்டாம். பாத்ரூம் ஆசிட் துருவோடு நல்ல இரும்பையும் தின்னும், கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து விரிசலுக்கும் வழி செய்யும்.

படிப்பதற்கு இருட்டான அறையும் ஒரு டார்ச்சும் போதும். டார்ச்சை இரும்போடு ஒட்டினாற்போல் படுக்கவைத்து, மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசையிலிருந்தும் அடியுங்கள். வெளிச்சம் போகும் திசைக்கு இணையான கோடுகள் நிழல் விழாமல் மறைந்துவிடும், அதனால் ஒரே திசையில் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. ஒவ்வொரு திசைக்கும் ஒரு போட்டோ. அடுத்து நைசான திருநீற்றைத் தேய்த்து, விறைப்பான அட்டையின் விளிம்பால் மேலாக வழித்துவிடுங்கள். பள்ளத்தில் இருப்பது மட்டும் நிற்கும். கடைசியாகப் பட்டம் செய்யும் மெல்லிய தாளை ஒட்டி, மெழுகுக் கலர்க்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்து அச்சு எடுங்கள். மூன்று வழியிலும் தெரிகிற எழுத்தை மட்டும் நம்புங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: இடுப்பின் இரண்டு பக்கமும், மூக்குக்குக் கீழே உள்ள பாதத்தின் முன்முகம், வாலின் அடிப்புறம், கல்லின் அடித்தளம். எழுத்து உள்ளே பதிந்திருக்கிறதா, மேலே புடைத்திருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

துருத்திக்கை

கூடவே ஒன்று பாருங்கள். மூக்குக்குக் கீழே இடுப்பிலும், வாலுக்குக் கீழே இடுப்பிலும், அடித்தளத்திலும் விரல் நுழையும் அளவுக்குச் சதுரக் குழிகள் இருக்கின்றனவா? அடித்துச் செய்த கல்லை உலையிலிருந்து தூக்கித் திருப்ப, பிடிகம்பி செருகும் குழிகள் அவை. பழைய ஆங்கிலேயத் தயாரிப்பில் பெரும்பாலும் இருக்கும். வார்த்து எடுத்த மலிவான வார்ப்பிரும்புக் கல்லில் பொதுவாக இருக்காது. அதில் எழுத்தும் புடைத்துத்தான் வரும், அச்சுமண்ணில் வந்த எழுத்து என்பதால்.

அமெரிக்காவில் நியூஜெர்சியின் ட்ரென்டன் ஊரில் செய்த ஃபிஷர் அண்ட் நாரிஸ் கல் மட்டும் ‘மலிவு’ என்பதற்கு விலக்கு. வார்ப்பிரும்பு உடல், மேலே எஃகுத் தகடு, பக்கத்தில் புடைத்த கழுகு. அது நல்ல கல், ஆனால் தட்டினால் மணிச் சத்தம் வராது. உங்கள் படி, ஓட்டைகள், இடுப்பு அளவையெல்லாம் பார்த்தால் லண்டன் மாதிரி என்று சொல்லப்படும் வடிவம்.

காவிரிக்கடை

நீங்கள் சொன்னபடியே செய்தாயிற்று. எழுத்து உள்ளே பதிந்ததுதான். சதுரக் குழிகள் மூன்று இடத்திலும் இருக்கின்றன.

ஒரு பக்கம்: முதல் வரியில் தொடக்கம் அழிந்து, கடைசியில் ‘ஜி-ஹெச்-டி’. இரண்டாம் வரியில் முழுதாக ‘பேட்டன்ட்’. அதன் கீழே ஒரு வட்டம், வட்டத்துக்குள் சில எழுத்துகள்; ‘சாலிட்’ என்பது மட்டும் தெளிவு. வட்டத்தின் பக்கத்தில் ‘இங்கிலாந்து’. இன்னும் கீழே எண்கள்: 1, ஒரு புள்ளி, படிக்க முடியாத ஓர் எண், ஒரு புள்ளி, 7.

மறுபக்கம்: வால் பக்கமாக, கோணல்மாணலாக உளியால் வெட்டியதுபோல் ‘எஸ். ஐ. ஆர்.’ என்ற மூன்று எழுத்து. அதன் கீழே 47.

நான்கு பாதத்தில் மூக்குப் பக்கப் பாதத்துக்கும் வால் பக்கப் பாதத்துக்கும் மேலே விரல் அகலத்துக்குச் சமதளமாக ஒரு சிறு திண்டு.

யாழ்_இரும்பு

அந்த எண்களைக் கிலோவோ இறாத்தலோ (பவுண்டு) எண்டு நினைச்சு வாசிக்காதேங்கோ. ஆங்கிலேயக் கல்லிலை மூண்டு எண் புள்ளி வைச்சுப் பிரிச்சிருந்தால் அது அந்தர்க் (ஹண்ட்ரட்வெயிட்) கணக்கு. முதல் எண் முழு அந்தர், ஒண்டுக்கு 112 இறாத்தல். நடு எண் கால் அந்தர், ஒண்டுக்கு 28 இறாத்தல். கடைசி எண் மிச்ச இறாத்தல். அதாலை நடு எண் 3ஐத் தாண்டாது, கடைசி எண் 27ஐத் தாண்டாது. தாண்டியிருந்தால் அது வேறை கணக்கு, அல்லது வாசிச்சது பிழை.

உங்கடை அழிஞ்ச எண்ணை எடையை வைச்சே கண்டுபிடிக்கலாம்.

நடுவிலை 0 எண்டால்: 112 + 0 + 7 = 119 இறாத்தல், 54 கிலோ.
1 எண்டால்: 147 இறாத்தல், 66.7 கிலோ.
2 எண்டால்: 175 இறாத்தல், 79.4 கிலோ.
3 எண்டால்: 203 இறாத்தல், 92.1 கிலோ.

நீங்கள் நிறுத்தது 91. ஆக அழிஞ்சது 3. குறையிற ஒரு கிலோ துருவிலையும் தேய்மானத்திலையும் உடைஞ்ச விளிம்பிலையும் போனது. இது வேறை ஒண்டையும் காட்டுது: மேல்முகத்தை ஆரும் பெரிசாக் கடைஞ்சு எடுக்கேல்லை. 5 மி.மீ. சீவியிருந்தால் அதிலையே ரெண்டு கிலோவுக்குக் கிட்டப் போயிருக்கும்.

புள்ளி அழிஞ்சு 125 எண்டு தெரியிற கல்லுகளிலை ஆக்கள் நல்லா ஏமாறுறது இதிலைதான். இறாத்தல் எண்டால் 56.7 கிலோ; அந்தர்க் கணக்கெண்டால் 112 + 56 + 5 = 173 இறாத்தல், 78.5 கிலோ. தராசிலை வைச்சால் சண்டை முடிஞ்சுது.

உலைமூக்கு

செய்தவர் பீட்டர் ரைட், ஊர் இங்கிலாந்தின் டட்லி என்று நினைக்கிறேன். ஏன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ‘ஜி-ஹெச்-டி’யை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

ரைட் என்ற குடும்பப் பெயரும் அந்த மூன்று எழுத்தில்தான் முடியும், ‘அடித்துச் செய்தது’ என்று பொருள்படும் ‘ராட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே மூன்று எழுத்தில்தான் முடியும். ஹென்றி ரைட் என்று இன்னொரு தயாரிப்பாளரும் உண்டு. ‘சாலிட் ராட்’ என்று வேறு சிலரும் பொறித்திருக்கிறார்கள். ஆனால் மேல் வரியில் பெயர், அடுத்த வரியில் தனியாகப் ‘பேட்டன்ட்’, கீழே வட்டத்துக்குள் ‘சாலிட் ராட்’, அதன் கீழே அந்தர்க் கணக்கு எடை என்று அடுக்கிய அமைப்பு பீட்டர் ரைட்டுடையது. பாதத்தின் மேல் சமதளத் திண்டும் அவர்கள் கல்லில் வழக்கம். திண்டு அமெரிக்கக் கல் சிலவற்றிலும் இருக்கிறது. ஆனால் அவற்றில் எடை நேரடியாக இறாத்தலில் இருக்கும், புரூக்ளினின் ஹே-படன் மாதிரியானவற்றில் முன்பாதத்தில் தொடர் எண்ணும் இருக்கும். உங்களுடையதில் இரண்டும் இல்லை.

தாளில் எடுத்த அச்சில் ‘ஜி-ஹெச்-டி’க்கு இடப்பக்கம் எத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ‘டி’ எழுத்தின் அகலத்தை அளவாக வைத்துக்கொண்டு, பீட்டர் ரைட்டின் மீதி எழுத்துகள் எட்டும் நடுவில் ஓர் இடைவெளியும் பொருந்த வேண்டும். ஹென்றிக்கும் எழுத்து எண்ணிக்கை அதேதான், அதனால் இந்த அளவு ‘ராட்’டை மட்டும்தான் விலக்கும். ஹென்றியை விலக்குவது பேட்டன்ட் வரியும் வட்டமும்.

துருத்திக்கை

‘இங்கிலாந்து’ என்ற முத்திரைக்கு வருகிறேன். அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, 1891 மார்ச்சிலிருந்து அந்த நாட்டுக்குள் வரும் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். எனவே ‘இங்கிலாந்து’ இருந்தால் 1891க்குப் பிறகு என்று வைத்துக்கொள்வது வழக்கம். கீழ் எல்லை கிடைத்துவிட்டது.

ஆவணப்பூச்சி

அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அமெரிக்கச் சட்டம். இந்தக் கல் வந்த இடம் மெட்ராஸ் மாகாணம். முத்திரை இருப்பதால் 1891க்குப் பிறகு என்பது நல்ல ஊகம், உறுதி இல்லை. ஏற்றுமதிக்காக ஒரு தொழிற்சாலை முன்பே நாட்டின் பெயரைப் பொறிக்கத் தடை எதுவும் இல்லையே. மறுபக்கம், இந்தியாவுக்கு வந்த கல்லில் ‘இங்கிலாந்து’ இல்லையென்றால் 1891க்கு முந்தையது என்று சொல்லவே முடியாது. இந்த இரண்டாவது தவறைத்தான் விற்பனை விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கலாம்.

உங்களுக்கு அதைவிட உறுதியான சான்று மறுபக்கத்தில் இருக்கிறது. எஸ்.ஐ.ஆர். என்பது சவுத் இந்தியன் ரயில்வே. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயும் கர்நாடிக் ரயில்வேயும் 1874இல் இணைந்து உருவானது. 1951 ஏப்ரல் 14 அன்று மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே ஆகியவற்றோடு சேர்ந்து சதர்ன் ரயில்வே ஆனது. ஆகவே அந்த மூன்று எழுத்தும் 1874க்கும் 1951க்கும் நடுவில்தான் வெட்டப்பட்டிருக்க முடியும். தொழிற்சாலை முத்திரை நேராக, ஒரே ஆழத்தில் இருப்பதும், இது உளியால் கோணலாக வெட்டப்பட்டிருப்பதும், வாங்கிய பிறகு பணிமனையில் போட்ட சொத்து அடையாளம் என்பதற்குப் பொருந்துகிறது. 47 அந்தப் பணிமனையின் தளவாட எண்ணாக இருக்கலாம். பதிவேடு கிடைக்காமல் அதிலிருந்து எதுவும் எடுக்க முடியாது.

மற்றவர்கள் தங்கள் கல்லில் தேட: எம்.ஆர். என்றால் மெட்ராஸ் ரயில்வே, 1907 வரை. எம். அண்ட் எஸ்.எம்.ஆர். என்றால் 1908 முதல் 1951 வரை. இலங்கையில் சி.ஜி.ஆர். என்றால் சிலோன் அரசு ரயில்வே. மேல்நோக்கிய அகல அம்புக்குறி ராணுவ அல்லது அரசுத் தளவாடத்தைக் குறிக்கும்.

காவிரிக்கடை

அப்படியென்றால் டேனிஷ் கோட்டைக் கதை முழுவதும் பொய்யா? வீட்டில் இதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது.

ஆவணப்பூச்சி

கோட்டை என்ற பகுதி நிற்காது. டான்ஸ்போர்க் கோட்டை 1620இல் கட்டப்பட்டது. தரங்கம்பாடியை டென்மார்க் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. ரயில்வே கம்பெனி பிறந்தது அதற்கு 29 வருஷம் கழித்து. பேட்டன்ட் பொறித்த டட்லி கல் 250 வருஷம் பழையதாகவும் இருக்க முடியாது. வடிவமும் அதையே சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கற்கள் கட்டையாக, வால் குட்டையாக இருக்கும். ஆணி ஓட்டை போட உதவும் அந்த உருண்டைத் துளை இருக்காது. அது 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில்தான் பரவியது.

ஆனால் கதையில் ஊர்ப்பெயர் சரியாக இருக்க இடம் உண்டு. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் கிளைப்பாதை 1926இல் திறக்கப்பட்டது, ஓடியது எஸ்.ஐ.ஆர். வண்டி. கம்பெனியின் பெரிய பணிமனையோ 1920களின் கடைசியில் பொன்மலைக்குப் போகும்வரை நாகப்பட்டினத்தில் இருந்தது. தரங்கம்பாடியிலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் நாகப்பட்டினம். ஒரு பெரிய பணிமனை இடம்பெயரும்போது பழைய சாமான் கழித்துவிடப்படுவது இயல்பு. கிளைப்பாதை போடும்போதும் தண்டவாள வேலைக்குக் களப்பட்டறை தேவைப்படும். இந்த இரண்டு வழியும் உங்கள் ஊருக்குப் பொருந்துகின்றன. எதுவென்று இப்போது சொல்ல ஆதாரம் இல்லை, ஆகவே இரண்டையும் ‘சாத்தியம்’ என்றே எழுதிவையுங்கள். ‘தரங்கம்பாடியிலிருந்து வந்தது’ என்று ஒரு தலைமுறை சொன்னதை, அடுத்த தலைமுறை அங்கே கண்ணுக்குத் தெரியும் பெரிய கட்டடத்தோடு சேர்த்திருக்கலாம்.

வீட்டில் கேட்கும்போது ‘கோட்டையா?’ என்று கேட்காதீர்கள். யார் வாங்கினார், எந்த வண்டியில் வந்தது, அப்போது பட்டறை எந்த இடத்தில் இருந்தது, முதலில் என்ன வேலைக்குப் பயன்பட்டது என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பேரை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொள்வார், அதனால் தனித்தனியே.

லேத்_நாற்பது

பரங்கிப்பேட்டை இரும்பாலையில் செய்ததாக இருக்காதா? பக்கத்து ஊர்தானே.

உலைமூக்கு

இருக்காது. ஜோசியா மார்ஷல் ஹீத் 1830களில் தொடங்கிய ஆலை அது. சேலம் பக்கத்து இரும்புக் கல்லைக் கரியில் உருக்கியது. டட்லி பேட்டன்ட் முத்திரையோடும் அந்தர்க் கணக்கோடும் பாதத் திண்டோடும் ஒரு கல் அங்கிருந்து வர வழியில்லை.

ஆவணப்பூச்சி

காகிதத் தேடலுக்கு வருவோம். இதில்தான் உழைப்பு அதிகம்.

முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம். பழைய பத்திரங்களில் நிலம், வீட்டுக்குப் பிறகு ‘கொல்லுப்பட்டறைத் தளவாடங்கள்’, ‘பட்டறைக்கல் 1, துருத்தி 1’ என்று வரிசை வரும். வீட்டுப் பெட்டியில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடலாம். அசையாச் சொத்து சேர்ந்த பத்திரம் 1ஆம் புத்தகத்தில் ஏறும். அதற்கு ஆட்களின் பெயர்ப்படி முதல் அட்டவணை, சொத்துப்படி இரண்டாம் அட்டவணை. சர்வே எண் தெரியாவிட்டால் பெயர் அட்டவணையில் தேடச் சொல்லி மனு கொடுங்கள். பெயரோடு தகப்பனார் பெயர், ஊர், தோராயமான பத்து வருஷ இடைவெளி மூன்றும் வேண்டும். ‘1920 முதல் 1960 வரை’ என்று கேட்டால் கட்டணமும் ஏறும், தேடுபவரும் சோர்ந்துபோவார். கணினியில் வில்லங்கச் சான்று அவ்வளவு பழைய வருஷங்களுக்குக் கிடைக்காமல் போகலாம், அப்படியானால் கையால்தான் தேட வேண்டும்.

அசையும் பொருளை மட்டும் பற்றிய பத்திரம், உதாரணமாகப் பட்டறைச் சாமானை விற்றது அல்லது ஈடு வைத்தது, 4ஆம் புத்தகத்தில் இருக்கும். 1908 பதிவுச் சட்டப்படி அதன் நகலை எழுதிக்கொடுத்தவர், அதில் உரிமை உள்ளவர், அவர்களின் பிரதிநிதி ஆகியோருக்குத்தான் தருவார்கள். வாரிசுச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள். உயில் தனியாக 3ஆம் புத்தகம்.

ரயில்வே பக்கம் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மெட்ராஸ் அரசின் பொதுப்பணித் துறை, ரயில்வே நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் கம்பெனியின் ஆவணங்கள் இருக்கின்றன. அங்கே பணிமனை மாற்றம், தளவாடக் கொள்முதல் பற்றிக் கிடைக்கும். ஒற்றைக் கல்லின் பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்; நாகப்பட்டினப் பணிமனை எந்த மாதம் காலியானது, மீந்ததை என்ன செய்தார்கள் என்பதைத் தேடுங்கள். அந்தத் தேதியும் உங்கள் வீட்டு வாய்மொழியும் பத்திரமும் ஒரே காலத்தில் வந்து விழுந்தால் அது வலுவான சான்று.

லேத்_நாற்பது

கல்லின் நிலைமை என்ன? மேல்முகம் பள்ளம் என்றால் மில்லிங்கில் ஒரு பாஸ் கொடுத்துச் சமமாக்கிவிடலாமே. எங்கள் பக்கம் மணிக்கணக்கில் செய்து தருகிறார்கள்.

துருத்திக்கை

தயவுசெய்து வேண்டாம். இந்த வகைக் கல்லின் உடல் மென்மையான அடித்த இரும்பு. மேலே மட்டும் கரிச்சத்து கூடிய எஃகுத் தகடு, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டியது. புதிதாக இருக்கும்போதே தகடு 12 முதல் 20 மி.மீ. வரைதான். உடல் மென்மை என்பதால் நூறு வருஷ அடியில் நடுப்பகுதி அமுங்கி, தகடும் கூடவே வளைகிறது. நடுவில் தகடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சமமாக்கச் சீவினால் பள்ளமான இடம் அப்படியே இருக்க, இரண்டு கோடியில் உள்ள நல்ல தகடுதான் போகும். அடித்தளமும் மேல்முகமும் இணையாக இருக்காது என்பதால் மெஷின் மேஜையில் வைத்தால் 2 மி.மீ. பள்ளத்துக்கு ஒரு மூலையில் 5, 6 மி.மீ. எடுக்க வேண்டி வரும். கடினம் மேற்பரப்பில்தான் அதிகம், கீழே போகப் போகக் குறையும். சீவிய கல் பார்க்கப் பளபளக்கும், சுத்தி பட்டால் தழும்பு விழும்.

இந்தச் சோதனைகளைச் செய்து எண்களைப் போடுங்கள்:

25 செ.மீ. உயரத்திலிருந்து பேரிங் குண்டு ஒன்றை விடுங்கள், பின்னால் ஸ்கேல் நிறுத்தி எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். 15 முதல் 25 மி.மீ. குண்டு சரியாக இருக்கும். துருவும் தூசியும் இருந்தால் அளவு குறையும், அந்த இடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். நல்ல எஃகு முகம் 65 முதல் 85 சதவீதம் திருப்பித் தரும். வெறும் வார்ப்பிரும்பு 40ஐத் தொடாது. படியில் செய்து ஏமாறாதீர்கள், அங்கே தகடே கிடையாது. உளியால் வெட்டும்போது உளிமுனை கெடாமல் இருக்க அதை மென்மையாகவே விட்டிருப்பார்கள்.

சிறு சுத்தியால் முகம் முழுக்க 3 செ.மீ.க்கு ஒன்றாகத் தட்டிக்கொண்டே போங்கள். மணிச் சத்தம் ஓரிடத்தில் மட்டும் செத்து ‘டப்’ என்றாலோ அதிர்ந்தாலோ அங்கே தகடு விட்டிருக்கலாம். அந்த விளிம்பில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். விரிசல் இருந்தால் ஊறிய எண்ணெய் கால்மணி நேரத்தில் தூளில் கோடாகத் தெரியும். கல் மரத்தில் இறுக்கமாகப் பதிந்திருந்தாலும் சத்தம் அமுங்கும், எடுத்து வைத்துத் தட்டுங்கள்.

புது அரத்தால் மேல்முக விளிம்பில் லேசாக ஒரு இழுப்பு. வழுக்கினால் கடினம் இருக்கிறது, வெண்ணெய்போல் கடித்தால் அந்தக் கல் எப்போதோ தீவிபத்தில் சிக்கிப் பதம் போனது.

காவிரிக்கடை

எண்கள்: நடுவில் 19 செ.மீ., மூக்குப் பக்கம் 18, வால் நுனியில் 15, படியில் 6. செத்த சத்தம் எங்கும் இல்லை, எண்ணெய்க் கோடும் வரவில்லை. அரம் வழுக்குகிறது. நேர்ச்சட்டம் வைத்தால் நடுவில் 2.5 மி.மீ. பள்ளம். ஒரு பக்க விளிம்பில் 12 மி.மீ. நீளம், 5 மி.மீ. ஆழத்துக்கு உடைசல். அடித்தளத்தில் துரு ஏறிய இடத்தில் மரநார் போல நீளவாட்டில் கோடுகள்.

துருத்திக்கை

நடுவில் 76 சதவீதம். வாலில் 60; வாலுக்குக் கீழே இரும்புத் தாங்கல் இல்லாததால் எல்லாக் கல்லிலும் அங்கே குறையும். கோடுகள் அடித்த இரும்பின் நார், அதுவும் உங்கள் அடையாளத்துக்கு ஒத்துப்போகிறது. வேலைக்கு முழுத் தகுதியான கல். 2.5 மி.மீ. பள்ளம் பட்டறை வேலைக்கு இடைஞ்சல் இல்லை. கம்பி நிமிர்த்த அந்தப் பள்ளம் உதவும்கூட.

உடைசலை வெல்டிங் வைத்து நிரப்பத் தோன்றும். செய்யாதீர்கள். கரிச்சத்து கூடிய தகட்டில் குளிர்ந்த நிலையில் வெல்டிங் வைத்தால், சுற்றியுள்ள 91 கிலோ இரும்பு சூட்டை நொடியில் உறிஞ்சி, வெல்டுக்குக் கீழே கண்ணாடி மாதிரி முறுகலான ஒரு அடுக்கு உருவாகும். அடுத்த அடியில் போட்ட வெல்டோடு தகட்டின் துண்டும் சேர்ந்து பெயரும். முறையாகச் செய்ய முழுக் கல்லையும் 200 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே வைத்து வேலை முடித்து, சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். 250ஐத் தாண்டினால் பதம் இறங்கத் தொடங்கும். ஒரு உடைசலுக்காக எடுக்கத்தக்க ஆபத்து இல்லை அது. உடைசலின் கூர்முனைகளை மட்டும் கையால் அரம் வைத்து 2, 3 மி.மீ. உருட்டிவிடுங்கள், அடிக்கும்போது மேலும் பெயராது.

யாழ்_இரும்பு

மரக்கட்டையிலை வைக்கேக்கை ஒண்டு கவனியுங்கோ. எங்கடை ஆக்கள் கட்டையை நிலத்திலை புதைச்சு, இருந்துகொண்டு அடிக்கிற வழக்கம். அப்பிடி வைச்ச கல்லின்ரை அடிப்பாகம் ஈர மண்ணோடை கிடந்து துருவேறும். முத்திரையுள்ள பக்கம் வேலை செய்யிறவரைப் பாராமல் மற்றப் பக்கம் இருக்கட்டும், இடுக்கியும் சூட்டிரும்பும் உரஞ்சாது. கட்டைக்கும் கல்லுக்கும் நடுவிலை தார்பூசின தடிச்ச தகடோ ரப்பர் பாயோ போட்டால் ஈரமும் ஏறாது, சத்தமும் குறையும். புளி, வேம்பு, வாகை எது கிடைச்சாலும் சரி, நார் நிண்டவாட்டிலை இருக்கவேணும்; படுக்கை நார் பிளக்கும்.

பெயின்ற் அடிக்காதேங்கோ. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கால் தேங்காய் எண்ணெய் இல்லாமல் ஆளிவிதை எண்ணெயைத் துணியிலை மெல்லிசாப் பூசினால் காணும். தேங்காய் எண்ணெய் காயாது, தூசியைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

ஆவணப்பூச்சி

இப்போது கையில் இருப்பதை ஒரு தாளில் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதி, தாளில் எடுத்த அச்சோடு சேர்த்துப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள்.

கல்லில் நேரடியாகக் காண்பது: பேட்டன்ட், சாலிட், இங்கிலாந்து, 1-?-7, எஸ்.ஐ.ஆர். 47, எடை 91 கிலோ, அளவுகள், குண்டு எழும்பிய உயரங்கள்.

அதிலிருந்து பெறுவது: டட்லி பீட்டர் ரைட், 203 இறாத்தல், பெரும்பாலும் 1891க்குப் பிறகு செய்தது, 1951க்குள் ரயில்வே சொத்தாக இருந்தது.

வாய்மொழி: தரங்கம்பாடியிலிருந்து வந்தது, சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார். கோட்டைக் கதையையும் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

இன்னொன்று, யாராவது வெளிநாட்டு வாங்குபவர் விலை பேசினால்: நூறு வருஷம் கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972 தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. உங்கள் கல் அந்த எல்லையில் நிற்கிறது, தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்காமல் கை மாற்றாதீர்கள்.

காவிரிக்கடை

அச்சை அளந்தேன். ‘ஜி-ஹெச்-டி’க்கு இடப்பக்கம் எட்டு எழுத்தும் ஓர் இடைவெளியும் சரியாகப் பொருந்துகின்றன. படுத்த வெளிச்சத்தில் முதல் எழுத்தின் நெட்டுக்கோடும் மேல்வளைவும் தெரிகின்றன. ஹெச்சாக இருக்க முடியாது, வலப்பக்கத்தில் இரண்டாவது நெட்டுக்கோடு இல்லை. பெரியப்பாவிடமும் அத்தையிடமும் தனித்தனியே கேட்கப் போகிறேன். பாகப்பிரிவினை 1940களின் நடுவில் நடந்ததாக நினைவு என்கிறார் அப்பா. 1940 முதல் 1950 வரை பெயர் அட்டவணையில் தேட மனு எழுதிவிட்டேன். நகல் வந்ததும் இதே இழையில் பட்டறைச் சாமான் வரியைப் போடுகிறேன்.